குடிக்காத மாமாவின் மஞ்சள் கண்கள்

கீழவைப்பாரில் பெண் பார்க்கப் போன வீட்டு முன்னறையில் மாமாவை ஜன்னலோரம் உட்கார வைத்தார்கள். மாலை வெயில் நேராக அவர் முகத்தில் அடித்தது. வெள்ளைச் சட்டை, புதிதாக வெட்டிய முடி, கையில் பாதி குடித்த கலர் பாட்டில். பெண்ணின் அப்பா எதிர் நாற்காலியில் இருந்து தோணியைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தார். மாலத்தீவுக்குப் போய்வர எவ்வளவு காலம் பிடிக்கும், நடுக்கடலில் காற்று மாறினால் என்ன செய்வீர்கள் என்றெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தவர் திடீரென்று பேச்சை நிறுத்தி மாமாவின் முகத்தையே பார்த்தார். அம்மா மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்த நானும் பார்த்தேன். எனக்கு அப்போது பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வயது. மாமாவின் கண்ணில் வெள்ளையாக இருக்கவேண்டிய இடமெல்லாம் உருக்கிய நெய்யின் நிறத்தில் இருந்தது.

"மாப்பிள்ளைக்குக் கண்ணு ஒரு மாதிரி இருக்கே" என்றார் அவர்.

"காய்ச்சல்ல கெடந்து எந்திரிச்சிருக்கான். மலேரியா. மாத்திரை தின்னு இப்பதான் விட்டிருக்கு" என்று அம்மா அவசரமாகச் சொன்னாள்.

"காய்ச்சலுக்கா கண்ணு மஞ்சளாகும்? ஈரல் கெட்டாத்தான் மஞ்சளாகும்." அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு மாமாவிடமே கேட்டார். "பழக்கம் உண்டோ?"

"மாதா மேல சத்தியமா இல்ல" என்றார் மாமா.

பெண்ணின் அப்பா கோபப்படவில்லை. சிரித்தார். "எந்தத் தோணிக்காரன் உண்டும்னு சொல்லியிருக்கான்?" என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனார். கொஞ்ச நேரம் கழித்து வேறு யாரோ வந்து, சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். சொல்லி அனுப்பவில்லை. பஸ்ஸில் தூத்துக்குடிக்குத் திரும்பும்போது அம்மா மெதுவாக, "ஏலே, எங்கிட்டயாவது உண்மையச் சொல்லு" என்று கேட்டாள். மாமா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "எக்கா, நீயுமா?" என்று மட்டும் சொன்னார்.

அவர் அம்மாவின் கடைசித் தம்பி. அம்மாவை விட நிறைய இளையவர். அம்மாதான் அவரைத் தூக்கி வளர்த்தவள் என்பதால் எங்கள் வீடே அவருக்கும் வீடு. மீசை அரும்பும் முன்பே தோணியில் ஏறியவர். எங்கள் ஊரில் தோணி என்றால் சின்னப் படகல்ல. காய்கறியும் வெங்காயமும் சிமெண்டும் ஏற்றிக்கொண்டு தீவுகளுக்குப் போய்வரும் மரக்கலம். அவர் வந்திறங்கினால் தெருமுனையிலேயே மாசிக் கருவாட்டு வாசம் வந்துவிடும். பையைத் திண்டில் போட்டுவிட்டு நேராகக் குசினிக்குள் அடுப்பருகே போய் நின்று, "எக்கா, காப்பி" என்பார். கருப்பட்டிக் காப்பி. பால் விடாமல், கருப்பாக, பெரிய லோட்டாவில். ஒன்று முடித்து இன்னொன்று கேட்பார். அவர் வாழ்க்கையில் ஆசையாகக் குடித்தது அது ஒன்றுதான். சாராய வாடை அவருக்குக் குமட்டும். கல்யாண வீட்டில் பக்கத்தில் இருப்பவர் குடித்திருந்தால் இலையை எடுத்துக்கொண்டு எதிர்வரிசைக்குப் போய்விடுவார். இதையெல்லாம் நாங்கள் கண்ணால் பார்த்தோம். ஆனாலும் அவர் கண் மஞ்சளாகும்போது, பார்த்ததை நம்புவதா, மஞ்சளை நம்புவதா என்று எங்களுக்குத் தெரியவில்லை.

ஏனென்றால் அது ஒரு தடவையோடு நிற்கவில்லை. சில வருடங்கள் ஒன்றும் இருக்காது. பிறகு ஏதாவது ஒரு பயணம் முடிந்து நடுக்கத்தோடு வருவார். மலேரியா என்பார்கள், மாத்திரை கொடுப்பார்கள், காய்ச்சல் விடும். அப்பாடா என்று நாங்கள் மூச்சுவிடும்போது கண்ணில் மஞ்சள் ஏறும், ஆள் சோர்ந்து படுப்பார். அம்மா கீழாநெல்லி அரைத்து மோரில் கலக்கிக் கொடுப்பாள். பத்தியம் இருப்பார். மெல்ல மெல்லக் கண் தெளியும். "குடிய நிறுத்துனான், கண்ணு வெளுத்துட்டு" என்று தெருவில் பேசிக்கொள்வார்கள். கண் தெளியாவிட்டாலும் பழி தெளிந்தால் போதும் என்று மாமாவுக்கு இருந்திருக்கும். ஆனால் தெளிந்த கண்ணையே பழிக்குச் சாட்சியாக வைத்தார்கள்.

தோணியை நடத்துகிறவரை எங்கள் ஊரில் தண்டல் என்பார்கள். மாமாவுக்குத் தண்டலாக வேண்டும் என்ற ஆசை உண்டு. காற்றையும் நீரோட்டத்தையும் தெரிந்த ஆள் என்று கூட வேலை செய்தவர்களே சொல்வார்கள். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் அவருக்குப் பின்னால் வந்த ஒருவருக்கே அந்த இடம் போனது. தோணி முதலாளி நல்ல மனிதர்தான், மாமாவின் தோளில் கை போட்டுத்தான் சொன்னாராம்: "ஒன் கைக்குத் தோணியக் குடுக்கலாம்லே, ஒன் ஈரலுக்குக் குடுக்க முடியாதே." மாமா இதை எங்களிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். சொல்லி முடித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

வேம்பாரில் இருந்து அத்தை வந்தாள். கண் வெள்ளையாக இருந்த பருவத்தில் நடந்த கல்யாணம் அது. அத்தை கெட்டிக்காரி, வாய் துடுக்கு, மாமா மீது உயிர். ஆனால் அவளுடைய அப்பா குடித்தே செத்தவர். அதனால் முதல் தடவை மாமாவின் கண் மஞ்சளானதும் அவளுக்குள் ஏதோ ஒன்று பயந்துவிட்டது. அதற்குப் பிறகு மாமா வெளியிலிருந்து எப்போது வந்தாலும் வாசலிலேயே நிறுத்தி முகத்தருகே மூக்கைக் கொண்டுபோவாள். சண்டையாக ஆரம்பித்தது, போகப் போகப் பழக்கமாகிவிட்டது. அவள் கேட்கும் முன்பே மாமா படியேறி நின்று, வாயைப் பெரிதாகத் திறந்து, "ஹா" என்று ஊதுவார். பிள்ளைகள் சிரிப்பார்கள். அத்தையும் சிரிப்பாள். சிரித்துக்கொண்டே மோந்தும் பார்ப்பாள்.

ஒரு தவக்காலத்தில் கோயிலில் குடியை விடுகிறவர்கள் பீடத்தின் முன் நின்று சத்தியம் செய்யும் சடங்கு நடந்தது. அம்மாவும் அத்தையும் சேர்ந்து மாமாவைக் கெஞ்சினார்கள். "குடிக்காதவன் எப்படிக்கா குடிய விடுவான்?" என்று அவர் கேட்டார். "எங்களுக்காகச் சொல்லேம்லே" என்று அம்மா அழுதாள். அக்கா அழுதால் அவருக்குத் தாங்காது. போய் நின்றார். மெழுகுதிரியைப் பிடித்துக்கொண்டு, தான் தொடாத ஒன்றை இனித் தொடமாட்டேன் என்று ஊரறியச் சொன்னார். பாவம், அதுதான் அவர் செய்த பெரிய தப்பு. அடுத்த காய்ச்சலில் கண் மறுபடி மஞ்சளானபோது, குடிகாரன் என்ற பெயரோடு சத்தியத்தை மீறியவன் என்ற பெயரும் சேர்ந்துகொண்டது. அம்மா அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் மாதா முன் அவருக்காக மெழுகுதிரி ஏற்றத் தொடங்கினாள்.

எனக்குக் கல்யாணமாகி, ஏற்றுமதி ஆவணங்கள் தயார் செய்யும் ஒரு அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். தலைப்பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்த சமயம். மாமா ஒரு பயணம் முடிந்து காய்ச்சலோடு வந்தார். ரத்தம் பார்த்ததில் மலேரியா. பக்கத்து கிளினிக்கில் காய்ச்சலுக்கு மாத்திரையும், அது மறுபடி வராமல் இருக்க வேறொரு மாத்திரையும் கொடுத்தார்கள். காய்ச்சல் இறங்கியது. இரண்டொரு நாளில் அத்தை எனக்குப் போன் செய்தாள். குரலே சரியில்லை. "ஏளா, ஒங்க மாமாவுக்கு ஒண்ணுக்கு கருப்பா போகுது. கருப்பட்டிக் காப்பி கணக்கா. எனக்குப் பயமா இருக்கு."

நானும் அம்மாவும் போய்ச் சேர்ந்தபோது மாமா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உதடு வெளுத்துக் கிடந்தது. கண் மட்டும் மஞ்சள். இரண்டு வார்த்தை பேசினால் மூச்சு வாங்கியது. ஆட்டோவில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே இருந்த இளம் டாக்டர் வேகமாகக் காரியம் பார்த்தார். ரத்தம் எடுக்கச் சொன்னார், டிரிப்ஸ் ஏற்றினார், சாப்பிட்ட மாத்திரைகளை வாங்கிப் பார்த்துவிட்டு இனி இதைத் தொடவேண்டாம் என்றார். எல்லாம் சரியாகத்தான் செய்தார். வழக்கமாகக் கேட்கிற கேள்விகளில் ஒன்றாகத்தான் அதையும் கேட்டார். "எவ்வளவு குடிப்பீங்க?"

மாமா படுத்தபடியே சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் முதுகு குலுங்கியதை நான் பார்த்தேன். குடிப்பீர்களா என்றுகூட இல்லை, எவ்வளவு என்று. சாகக் கிடக்கும்போதும் அதே கேள்விதான் கூட வருகிறது என்று நினைத்திருப்பார்.

ரத்தம் பாதிக்குப் பாதி இறங்கிவிட்டது, ஏற்றியாக வேண்டும் என்றார்கள். செய்தி கேட்டுத் தோணிக்காரர்கள் வந்து வராந்தாவில் நின்றார்கள். மாமாவைத் தாண்டித் தண்டலானவரும் வந்து ரத்தம் கொடுக்கக் கையை நீட்டிக்கொண்டு படுத்தார். அன்று சாயங்காலம் மூத்த டாக்டரம்மா வார்டுக்கு வந்தார். நாசரேத்துக்காரர், ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர், மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருப்பார். இளம் டாக்டர்தான் அவரை வரச்சொல்லியிருந்தார். ஈரல் சம்பந்தமான பரிசோதனைகள் தான் எதிர்பார்த்தபடி இல்லை, ரத்தம்தான் உள்ளுக்குள் உடைகிறது என்று அந்த இளம் டாக்டருக்குத் தோன்றியிருந்தது. டாக்டரம்மா மாமாவின் கண் இமையை விலக்கிப் பார்த்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

"இதுக்கு முன்னாடி இப்படி வந்திருக்கா?"

அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னாள். கீழவைப்பாரில் தொடங்கி நினைவிருந்த ஒவ்வொன்றையும் சொன்னாள். எல்லாத் தடவையும் காய்ச்சல் இருந்ததா என்று டாக்டரம்மா கேட்டார். ஆமாம், மலேரியா என்றாள் அம்மா.

"கண்ணு மஞ்சளானது காய்ச்சல் இருக்கும்போதா, மாத்திரை தின்ன பெறகா?"

அம்மா அத்தையைத் திரும்பிப் பார்த்தாள். அத்தைதான் சொன்னாள். "மாத்திரை தின்ன பெறகுதாம்மா. காய்ச்ச விட்டு எந்திரிச்ச பெறகுதான் மஞ்சளாகும்." அதோடு நிறுத்தியிருக்கலாம். அவளால் முடியவில்லை. "காய்ச்ச விட்டதும் குடிக்கப் போயிட்டாருன்னு நான் நெனச்சேன்" என்று சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

டாக்டரம்மா ஒரு ஸ்டூலை இழுத்து மாமா பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். அவர் சொன்னது இன்றும் எனக்குக் கேட்கிறது. "அண்ணாச்சி, நாம இழுக்கிற மூச்சுல இருக்கிற பிராணவாயுவ ரத்தத்துல சிவப்பணுதான் சுமக்குது. சுமக்கிறதோட அது நிக்கதில்ல. உங்க ஊர் கடக்காத்துல ஜன்னல் கம்பி துருப்பிடிக்குதுல்லா, அது மாதிரி அணுவுக்குள்ளயும் ஒரு அரிப்பு எந்நேரமும் நடந்துக்கிட்டே இருக்கு. எல்லா மனுசருக்கும் உண்டு. அதத் தடுக்கதுக்கு உடம்புக்குள்ள நொதின்னு ஒரு கூட்டமே வேலை பாக்குது. என்சைம்னு சொல்லுவோம். அதுல ஒண்ணு உங்களுக்குப் பொறப்புலயே கொறச்சலா இருக்கும்னு நான் நெனைக்கேன். சாதாரணமா ஒண்ணும் தெரியாது. மலேரியா திரும்ப வராம இருக்கக் குடுக்கிற அந்த மாத்திரை உள்ள போச்சுன்னா அரிப்பு ஒரேயடியா கூடிரும். அணு தாங்காம ஒடஞ்சிரும். அந்த ஒடஞ்ச அணுவோட சாயந்தான் கண்ணுல மஞ்சளாவும் ஒண்ணுக்குல கருப்பாவும் வருது. ஈரலுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல."

மாமா அப்போதுதான் வாயைத் திறந்தார். "அப்ப சாராயத்துக்கும்?"

"சாராயத்துக்கும் சம்பந்தம் இல்ல."

மாமா கண்ணை மூடிக்கொண்டார். மஞ்சள் மறைந்து, அவர் முகம் அந்த நிமிடத்தில் மாமாவின் பழைய முகமாக இருந்தது.

கதை அங்கேயே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். முடியவில்லை. அந்த நொதி இருக்கிறதா என்று பார்க்க ரத்தத்தை மதுரைக்கு அனுப்பினார்கள். நொதி சரியான அளவில்தான் இருக்கிறது என்று பதில் வந்தது. வராந்தாவில் நின்றவர்கள் வழியாகச் செய்தி எங்களுக்கு முன்பே தெருவுக்குப் போய்ச் சேர்ந்தது. டெஸ்ட்டில் ஒன்றும் இல்லையாம், அப்படியென்றால் வேறு என்ன, அதுதான் என்று பேசினார்கள். அம்மாகூட என்னிடம் ரகசியமாக, "டாக்டரம்மா நல்ல மனசுக்கு ஏதோ சொல்லிட்டாங்க போல" என்றாள்.

டாக்டரம்மா அசரவில்லை. "இப்ப பாத்தா அப்படித்தான் காட்டும்" என்றார். "நொதி ரொம்பக் கொறைஞ்சு கெடக்கது வயசான அணுவுலதான். அதெல்லாம் ஒடஞ்சு போயிட்டு. இப்ப உடம்புல ஓடுறது புதுசா உற்பத்தியான எளசு. எளசுல நொதி ஓரளவு இருக்கத்தான் செய்யும். போதாததுக்கு நாம ஏத்துனது அடுத்தவங்க ரத்தம். மூணு மாசம் போகட்டும். இவரோட சொந்த ரத்தம் பழசானதும் பாப்போம்." மாமா கையெடுத்துக் கும்பிட்டார். எங்களிடம், "மூணு மாசந்தானே. இவ்வளவு காலம் இருந்தாச்சு" என்றார். நான் அவருடைய இடத்தில் இருந்திருந்தால் அவ்வளவு பொறுமையாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

உடைந்த அணுக்களின் சாயத்தால் கெடாமல் சிறுநீரகம் தப்பியதா என்பதுதான் அந்த நாட்களின் கவலை. ஒரு காலையில் கழிப்பறைக்குள்ளிருந்து மாமாவின் சத்தம் வார்டு முழுக்கக் கேட்டது. "ஏளா, வெளுத்துட்டு! நல்லா வெளுத்துட்டு!" அத்தை கதவுக்கு வெளியே நின்று அழுதுகொண்டே சிரித்தாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் என்னமோ ஏதோவென்று எழுந்து உட்கார்ந்தார்கள்.

வீட்டுக்கு அனுப்பும் முன் டாக்டரம்மா என் வயிற்றைப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இந்தக் குறை தாய்வழியில் வருவது, பெண்கள் பெரும்பாலும் வெளியே ஒன்றும் தெரியாமல் சுமப்பார்கள், ஆண் பிள்ளைகளிடம்தான் அதிகமாகத் தலைகாட்டும் என்று விளக்கினார். "உங்க மாமாவுக்கு இது இருக்குன்னா உங்க அம்மாகிட்டயும் இருக்கலாம். அவங்க வழியா உங்ககிட்டயும் இருக்கலாம். இல்லாமலும் போகலாம். பிள்ளை பொறந்ததும் பாத்துருவோம். அதுவரைக்கும் ஒண்ணு செய்யுங்க, வீட்டுல துணிக்கு நடுவுல போடுற பாச்சை உருண்டை ஒண்ணுகூட இருக்கக் கூடாது. அந்த வாசம் பிடிச்ச துணியப் பிள்ளைக்குப் போடக் கூடாது. அதுவும் அந்த மாத்திரை மாதிரியே அணுவ ஒடச்சிரும்."

அம்மாவின் டிரங்குப் பெட்டியில் எனக்கு ஞானஸ்நானத்துக்குப் போட்ட உடுப்பு இருந்தது. என் பிள்ளைக்கும் அதைத்தான் போடவேண்டும் என்று பாச்சை உருண்டைகளுக்கு நடுவில் வருடக்கணக்காகப் பாதுகாத்திருந்தாள். நான் எதிர்ப்பை எதிர்பார்த்துத் தயாராகப் போனேன். அவளோ பெட்டியோடு தூக்கிக்கொண்டுபோய்க் கொல்லைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். "புதுசு எடுத்துக்கிடலாம்" என்றாள். டாக்டரம்மா சொன்னதை அவள் முழுதாக நம்பவில்லை. ஆனால் தம்பி விஷயத்தில் நம்பாமல் இருந்ததே போதும் என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது.

மாமாவின் மூன்று மாதம் முடியும் முன்பே என் மகன் பிறந்தான். பிறந்த மறுநாளே அவன் முகத்தில் மஞ்சள் தெரிந்தது. அதற்கடுத்த நாள் நெஞ்சுவரை இறங்கியது. பிறந்த பிள்ளைகளுக்கு மஞ்சள் சகஜம்தான் என்று நர்ஸ் சொன்னார். ஆனால் டாக்டரம்மா குழந்தை டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்ததால் யாரும் காத்திருக்கவில்லை. உடனே ரத்தம் எடுத்து அனுப்பினார்கள். மஞ்சள் மூளைக்கு ஏறிவிடாமல் இருக்க, கண்ணில் பட்டை கட்டி, நீல விளக்கின் கீழே படுக்கவைத்தார்கள். கை எட்டும் தூரத்தில் இருக்கிற பிள்ளையைத் தூக்க முடியாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போன்ற வேதனை எனக்கு அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை. பால் கொடுக்க மட்டும் என் கையில் தருவார்கள். சூடாக, இலேசாக இருப்பான். அவன் நிறத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. அதனால் அவன் காதையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

மஞ்சள் இறங்கத் தொடங்கிய பிறகுதான் மதுரையிலிருந்து பதில் வந்தது. டாக்டரம்மா தானே வந்து சொன்னார். "பிள்ளைக்கு அந்த நொதி ரொம்பக் கொறைவு." எனக்கு அழுகை வந்தது. அவர் என் தலையில் கை வைத்தார். "அழாதீங்க. தெரியாம இருந்தாத்தான் ஆபத்து. தெரிஞ்சிட்டுல்லா? எதத் தொடக் கூடாதுன்னு நான் எழுதித் தாரேன், இவன் எல்லாப் பிள்ளைகளையும் மாதிரி ஓடி ஆடுவான்." பிறகு சுற்றும் முற்றும் பார்த்தார். "மாமா வந்திருக்காரா? கூப்பிடுங்க."

மாமா செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்தார். நீல வெளிச்சத்தின் ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"அண்ணாச்சி, நீங்க இன்னும் டெஸ்ட் குடுக்கல. அதுக்குள்ள இந்தப் பய உங்களுக்குச் சாட்சி சொல்லிட்டான்" என்றார் டாக்டரம்மா. "இது இவனுக்கு இவங்க அம்மாகிட்ட இருந்து வந்தது. இவங்களுக்கு உங்க அக்காகிட்ட இருந்து. உங்களுக்கும் உங்க அக்காவுக்கும் உங்க ஆத்தாகிட்ட இருந்து வந்திருக்கு. எனக்குச் சந்தேகமே இல்ல."

மாமா விளக்கருகே வந்தார். கண்ணில் பட்டை கட்டி, காலை மடக்கிப் படுத்திருந்த என் மகனை உற்றுப் பார்த்தார். பிறகு குனிந்து அவனிடம் கேட்டார். "ஏலே, ஒன்னைய யாரும் குடிகாரப் பயன்னு சொல்லலல்லா?"

நாங்கள் எல்லாரும் சிரித்துவிட்டோம். நர்ஸும் சிரித்தார். மாமா சிரித்தாரா அழுதாரா என்பது அந்த நீல வெளிச்சத்தில் தெரியவில்லை. அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்னைய மன்னிச்சிருலே" என்றாள். "சனிக்கிழமை சனிக்கிழமை ஒனக்காக ஏத்துனேனே, மாதா என்ன நெனச்சிருப்பா?" மாமா தன் தோளில் கிடந்த துண்டால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டார். "என் ஒடம்புக்காக ஏத்துனதா எடுத்துக்கிட்டிருப்பா, எக்கா. விடு."

மூன்று மாதம் கழிந்து மாமாவுக்கு மறுபடி ரத்தம் பார்த்தார்கள். நொதி ஏறக்குறைய இல்லவே இல்லை என்று வந்தது. அதற்குள் எங்களுக்கு அது செய்தியாகவே இல்லை. ஆனால் அத்தை மட்டும் அன்று டாக்டரம்மாவை அதை இரண்டு தடவை சொல்லவைத்துக் கேட்டாள். அன்று சாயங்காலம் மாமா கடைக்குப் போய்விட்டு வந்து படியேறி வழக்கம்போல வாயைத் திறந்தார். அத்தை ஈரக் கையால் அந்த வாயை மூடினாள். அவ்வளவுதான். அதைப் பற்றி அவர்கள் பேசிக்கொண்டதாக எனக்குத் தெரியவில்லை.

மாமா அதன் பிறகு இந்த நொதியைப் பற்றி யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்லத் தொடங்கினார். டீக்கடையில் சொன்னார், துறைமுக வாசலில் சொன்னார், பாவசங்கீர்த்தனம் கேட்க உட்கார்ந்த பங்குசாமியிடமும் சொன்னாராம். ஒருநாள் யாரோ பேச்சைக் கேட்டு, அரிப்பைத் தடுக்கும் சத்து மாத்திரை என்று ஒரு டப்பா வாங்கிக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனார். இதைத் தின்றால் குறை தீருமா என்று கேட்டார். "இது உடம்பு தானா செய்ய வேண்டிய சாமான், கடையில வாங்கி நெரப்ப முடியாது" என்று அவர் சொல்லிவிட்டார். "நீங்க எதையும் புதுசா திங்க வேண்டாம். திங்கக் கூடாததத் திங்காம இருந்தாப் போதும்." இன்னொன்றும் சொன்னாராம். மலேரியா அதிகமாக இருந்த கரைகளில் இந்தக் குறை நிறையப் பேருக்கு உண்டு. அந்தக் கிருமி இப்படிப்பட்ட அணுக்களில் சரியாக வளராது. இதனாலேயே அந்தக் காலத்தில் பல பிள்ளைகள் பிழைத்திருக்கலாம் என்று. மாமாவுக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது. எங்கள் முன்னோர்களில் யாரோ ஒருவரை இது கரை சேர்த்திருக்கிறது, அதற்கான கூலியைத்தான் நான் கட்டினேன் என்று சொல்வார்.

எனக்கு அது அவ்வளவு எளிதாகச் செரிக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு நொதி, அது இருக்கிறவர்களுக்கு இருப்பதே தெரியாது. இல்லாத ஒருவருக்கு அதனால் கல்யாணம் தட்டிப்போயிருக்கிறது, தண்டல் பதவி தட்டிப்போயிருக்கிறது, அக்காவின் நம்பிக்கை போயிருக்கிறது. ஒரு மனிதனைப் பற்றி ஊர் ஒரு முடிவுக்கு வர அவன் கண்ணின் நிறம் போதுமாக இருந்திருக்கிறது. இதைச் சொன்னால் மாமா ஒத்துக்கொள்வார், ஆனால் கோபப்படமாட்டார். "காரணம் தெரிஞ்சிட்டுல்லா, ஏளா" என்பார். அவருக்கு அது போதுமாக இருந்தது. முதலாளியின் மகன் பொறுப்புக்கு வந்தபோது அடுத்த பருவத்துக்கு மாமாவைத் தண்டலாகப் போட்டான். இந்த நோய்க்கதை அதற்குக் காரணமா, அல்லது வேறு ஆள் கிடைக்கவில்லையா என்று எனக்குத் தெரியாது. சில பருவங்கள் தோணியை நடத்திவிட்டு, நல்லபடியாக இறங்கிவிட்டார்.

என் மகன் இப்போது பள்ளிக்கூடத்தில் படிக்கிறான். கால்பந்து பைத்தியம். போன மழைக்காலத்தில் அவனுக்கு முதல்முறையாக நல்ல காய்ச்சல் அடித்தது. நான் அலுவலகத்தில் இருந்து ஓடிவருவதற்குள் மாமாவும் அத்தையும் அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். டாக்டரம்மா ஓய்வு பெற்று ஊருக்குப் போய்விட்டார். புதிய டாக்டர் ஒரு சின்னப் பெண். நான் உள்ளே நுழைந்தபோது மாமா அவளிடம் நின்றுகொண்டு, எந்தெந்த மருந்து ஆகாது என்று பாடம் ஒப்பிப்பதுபோல் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் குறுக்கிடாமல் கேட்டாள். "சரி ஐயா, நான் பாத்துக்கிடுதேன். முதல்ல மலேரியா இருக்கான்னு பாப்போம்" என்றாள்.

ரத்தம் எடுத்துவிட்டுப் பெஞ்சில் காத்திருந்தோம். என் மகன் என் மடியில் தலைவைத்துப் படுத்திருந்தான். அத்தை ஜெபமாலை உருட்டினாள். மாமா உட்காரவில்லை, கதவருகிலேயே நின்றார். அம்மா அடிக்கடி போன் செய்து என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டிருந்தாள். காய்ச்சல் என்ற வார்த்தை எங்கள் குடும்பத்தில் தனியாக வந்ததில்லை. பின்னால் எப்போதும் வேறொன்றைக் கூட்டிக்கொண்டுதான் வந்திருக்கிறது.

அந்தச் சின்ன டாக்டர் வெளியே எட்டிப் பார்த்தாள். "மலேரியா இல்ல. ரத்தம் நல்லா இருக்கு. இது சும்மா காய்ச்சல்தான். நான் குடுக்கிற மாத்திரை இவனுக்கு ஒண்ணும் செய்யாது, நானே இன்னொரு தடவ சரி பாத்துட்டேன். ரெண்டு மூணு நாள்ல விட்டுரும்."

மாமா அவளையே பார்த்தார். "சும்மா காய்ச்சலா?"

"ஆமா ஐயா. சும்மா காய்ச்சல்."

அவர் மெதுவாக வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். பக்கத்தில் கைக்குழந்தையோடு இருந்த முன்பின் தெரியாத பெண்ணிடம், "சும்மா காய்ச்சல்தானாம்மா" என்றார். அந்தப் பக்கம் கட்டுப்போட்ட காலோடு இருந்த பெரியவரிடம், "அண்ணாச்சி, சும்மா காய்ச்சலாம்" என்றார். என் போனை வாங்கி அம்மாவிடம் சொன்னார். வாசலில் டோக்கன் கொடுக்கிறவர்வரை ஒருவரையும் விடவில்லை, பண்டிகைக்குப் பலகாரம் கொடுக்கிறவர்போல எல்லாருக்கும் சொல்லிக்கொண்டே போனார். யாருக்கும் ஒன்றும் புரிந்திருக்காது. ஆனால் எல்லாரும் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் விட்டது. அதன் பின்னால் ஒன்றும் வரவில்லை.